பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்ற கடிகாரமும் 96 பற்களும்

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் பங்களாவின் நடு ஹாலில் ஆளுயரக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் செய்தது, எடைக்கல்லில் ஓடுவது, ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் வரும். போன வருடம் ஆவணி மாதம் அதைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். நான் சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டு முன்னறையில் பழைய கடிகாரம் மட்டும் பார்ப்பவன். கொண்டை ஊசி வளைவு இருபதையும் தாண்டிப் போய் இறங்கினால், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வாசலிலேயே நோயின் காரணத்தைச் சொல்லிவிட்டார்.

"காலைல ஆறு மணிக்கு ரேடியோ கேட்டு ஓட விடுறேனுங்க தம்பி. நாளெல்லாம் நல்லா ஓடுது. சாயங்காலம் பனி இறங்குனா நின்னுடுது. குளுரு ஒத்துக்கல அதுக்கு."

தினமும் ஆறு மணி வாக்கில் நிற்கிறதா என்று கேட்டேன். ஆமாம், வாரக்கணக்காக அப்படித்தான் என்றார். மறுபடி ஓட வைக்க ஊசலை இரண்டு மூன்று தடவை தள்ளிவிட வேண்டியிருக்கிறதாம், ஒரு தடவை தள்ளினால் சிறிது நேரத்தில் மறுபடி நிற்கிறதாம். அவர் கவனித்தது அத்தனையும் சரி. காரணம் மட்டும்தான் வேறு. அன்றைக்குப் பகல் பன்னிரண்டுக்கு ஓடவிட்டு, ராத்திரி கொஞ்சம் கண் விழிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போன் வந்தது, நள்ளிரவு பன்னிரண்டு ஐந்துக்கு நின்றிருக்கிறது. பனிக்குப் பங்கில்லை. எந்த நேரத்தில் ஓடவிட்டாலும் அங்கிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் நிற்கிறது.

அந்தக் காலத்து இங்கிலீஷ் எட்டு நாள் கடிகாரம் பலவற்றின் கணக்கு இதுதான்: எடைக்கல் கயிறு சுற்றிய உருளையோடு சேர்ந்த பெரிய சக்கரத்தில் 96 பல். அது தள்ளுகிற பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தில் 8 பல். அந்தப் பினியன்தான் நிமிட முள்ளின் தண்டு, மணிக்கு ஒரு சுற்று. 96-ஐ 8-ஆல் வகுத்தால் 12, அதாவது பெரிய சக்கரம் ஒருமுறை சுற்ற பன்னிரண்டு மணி நேரம். உருளையில் கயிறு 16 சுற்று, 16 பன்னிரண்டு 192 மணி, எட்டு நாள். ஆக பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை வருகிற நோய் என்றால் அது இந்தச் சக்கரத்தில்தான் இருக்க வேண்டும், நேரம் ஓட்டும் சக்கரங்களில் மணி முள்ளின் சக்கரத்தைத் தவிர வேறு எதுவும் அத்தனை மெதுவாகச் சுற்றுவதில்லை, மணி முள்ளில் கோளாறு என்றால் எப்போதும் ஒரே மணியில்தான் நின்றிருக்கும். ஒரு பல் கடக்க ஏழரை நிமிடம். பெரியவர் இரண்டு மூன்று தடவை தள்ளியதற்கும் கணக்கு வந்துவிட்டது: கெட்ட பல் ஒன்று இல்லை, அடுத்தடுத்து இரண்டு மூன்று.

இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து இறக்கி, துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சேலம் வந்தேன். பிரித்துப் பார்த்தால் நினைத்தது போலவே மூன்று பல் ஒட்டுப்போட்டது. எந்தக் காலத்திலோ யாரோ விளிம்பை வெட்டியெடுத்து, பித்தளைத் துண்டு ஒன்றைச் செருகி, ஈயப்பற்று வைத்து, அரத்தால் பல் ராவியிருக்கிறார். பற்று விட்டுப்போய் அந்தத் துண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எதிர்ப்பக்கத்தில் இன்னும் இரண்டு பழைய ஒட்டு. மறுபடி ஒட்டுப்போட விளிம்பில் சதை இல்லை. போதாக்குறைக்குப் பல்லிடுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும்: கடிகாரச் சக்கரப் பல்லில் எந்த எண்ணெயும் விடக் கூடாது, தண்டு முனை சுழலும் துளையில் மட்டும்தான் ஒரு சொட்டு. பல்லில் எண்ணெய் பட்டால் தூசி ஒட்டும், அந்தத் தூசி மெத்தென்ற பித்தளையில் பதிந்துகொண்டு எதிரிலிருக்கும் எஃகுப் பினியனை அரம் போல அறுக்கும். பழைய கடிகாரங்களில் பித்தளையைவிட எஃகுதான் அதிகம் தேய்ந்திருக்கும், பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், காரணம் இதுதான். அதிலும் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைகிற பொருள். ஏற்காட்டு ராத்திரியில் அது மெழுகு.

சரி, புதுச் சக்கரம் வெட்ட வேண்டும். நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சேலத்தில் கியர் வெட்டும் பட்டறைக்குப் பஞ்சமில்லை. முதலில் போன இடத்தில் சக்கரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மூன்று நாளில் வரச் சொன்னார்கள். போனேன், பளபளவென்று ஒரு சக்கரம் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து எண்ணினால் 95 பல். திரும்பப் போய்க் கேட்டதற்கு, "ஒரு பல்லுதானுங்க, அதுல என்ன வந்துடப்போகுது" என்றார்கள். கோபம் வந்தது. ஆனால் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவர்கள் சொன்னதில் பாதி உண்மை என்று தெரிந்தது. பெரிய சக்கரத்தின் பல் எண்ணிக்கைக்கும் நேரம் சரியாகக் காட்டுவதற்கும் தொடர்பே இல்லை. நேரத்தைத் தீர்மானிப்பவை அதற்கு மேலே இருக்கிற சக்கரங்கள்: நடுச்சக்கரம் 60, அது தள்ளும் பினியன் 8. மூன்றாம் சக்கரம் 56, அது தள்ளும் பினியன் 7. பெருக்கினால் ஏழரை எட்டு 60, ஆக நிமிட முள் ஒரு சுற்று வரும்போது நொடி முள் 60 சுற்று. இதில் ஒரு பல் மாறினாலும் கடிகாரம் கெட்டது. பெரிய சக்கரம் இந்தக் கணக்குக்கு வெளியே, சக்தி கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. 95 பல் போட்டால் எட்டு நாள் ஓடுகிற கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னதாக நின்றிருக்கும், அவ்வளவுதான்.

மீதிப் பாதிதான் தவறு. 96 பல்லுக்கு உண்டான வட்டத்தில் 95 வெட்டினால் ஒவ்வொரு பல்லும் ஒரு சதவீதம் அகலம். எதிரே இருப்பது பழைய பினியன், பழைய இடைவெளி. பல்லுக்குப் பல் மோதி இறங்கும். கையில் சுழற்றினாலே நறநறவென்று தெரிந்தது.

ஏன் 95 வந்தது என்பது அடுத்த பட்டறையில் விளங்கியது. அங்கே இருந்த அண்ணன், வட்டத்தைச் சம பாகமாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட்டைப் பொறுமையாகத் திறந்தே காட்டினார். கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் உள்ளே தண்டு ஒரு சுற்று. எத்தனை பல் வேண்டுமோ அதனால் 40-ஐ வகுக்க வேண்டும். முழுச் சுற்றாக வராத பங்கை, வட்ட வட்டமாகத் துளை போட்ட தட்டில் துளைகளை எண்ணித் தள்ள வேண்டும். 80 பல் என்றால் பல்லுக்கு அரைச் சுற்று. 60 என்றால் மூன்றில் இரண்டு, 18 துளை வட்டத்தில் 12 துளை தள்ளினால் வந்துவிடும். 96 என்றால் பன்னிரண்டில் ஐந்து. அதற்கு 12-ன் மடங்கில் துளை வட்டம் வேண்டும். அவரிடம் இருந்தது பிரவுன் அண்ட் ஷார்ப் வகைத் தட்டு மூன்று: 15 முதல் 20 வரை ஒன்று, 21, 23, 27, 29, 31, 33 ஒன்று, 37, 39, 41, 43, 47, 49 ஒன்று. பாருங்கள், 24 இல்லை, 36 இல்லை, 48 இல்லை. ஆனால் 19 துளை வட்டத்தில் எட்டெட்டாகத் தள்ளினால் 95 அழகாக வரும். முதல் பட்டறைக்காரர் செய்தது அதுதான்.

"கூடுதல் கியர் பூட்டி டிபரன்ஷியல்ல பண்ணலாம் தம்பி, ஆனா எங்கிட்ட அந்த செட்டு இல்ல. இன்னொண்ணு, எங்கிட்ட இருக்கிற கட்டர் எல்லாம் ஒரு மாட்யூலுக்கு மேலதான்" என்றார். மாட்யூல் என்பது பல்லின் பருமனைச் சொல்லும் அளவு, என் சக்கரத்தில் அது முக்காலுக்கு மிக அருகில். தண்டுகளின் துளைக்குத் துளை தூரம் 39 மி.மீ., அதை 96-ம் 8-ம் கூட்டிய 104-ல் பாதியான 52-ஆல் வகுத்தால் 0.75. அந்த அளவில் கட்டர் கிடைத்தாலும் அந்த வடிவம் எனக்கு ஆகாது. மோட்டார், பம்ப், லாரி கியர் எல்லாம் இன்வால்யூட் வளைவு. கடிகாரத்தில் பெரிய சக்கரம் சின்னப் பினியனை வேகமாக ஓட்டுகிறது, பினியனில் ஏழு எட்டுப் பல்தான் இருக்கும். அத்தனை குறைந்த பல்லில் இன்வால்யூட் வெட்டினால் பல்லின் வேர் அரிந்துபோகும். அதனால் கடிகாரக்காரர்கள் எடுத்துக்கொண்டது சைக்ளாய்டு வளைவு: கீழே பக்கங்கள் நேராக மையத்தை நோக்கி இறங்கும், மேலே மாவிலை நுனி மாதிரி குவியும். சக்கரப்பல் பினியன் பல்லை இரண்டு மையங்களுக்கும் நடுக்கோட்டைத் தாண்டிய பிறகுதான் பெரும்பாலும் தள்ளும், அப்போது உராய்வு குறைவு. முட்டிக்கொண்டு உள்ளே நுழைவதற்கும் வழுக்கிக்கொண்டு வெளியே போவதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆக மிஷினை நானே செய்துகொள்வது என்று முடிவானது.

சக்கரம் வெட்டும் மிஷின் என்றதும் எல்லோருக்கும் கட்டர்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. உண்மையில் வெட்டுவது சின்ன வேலை, பித்தளை வெண்ணெய் போல அறுபடும். கஷ்டமெல்லாம் வட்டத்தைப் பிரிப்பதில். மிஷின் வருவதற்கு முன் கவராயத்தால் வட்டத்தைப் பிரித்துக் கோடு கிழித்து, அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவினார்கள். கவராயத்தில் கால் மயிரிழை பிசகினால், 96 அடி வைத்து முடிக்கையில் அது 96 மடங்காகி கடைசிப் பல் ஒல்லியாகவோ தடித்தோ நிற்கும். பதினாறாம் நூற்றாண்டில் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்காக ஹுவானெலோ துரியானோ என்பவர் கோள்களின் ஓட்டம் காட்டும் கடிகாரம் ஒன்று செய்தார், அதில் சுமார் 1,800 சக்கரம். அத்தனையையும் கையால் ராவ முடியாது என்று அவரே ஒரு மிஷின் செய்துகொண்டு, நாளுக்கு மூன்று சக்கரத்துக்கும் மேல் வெட்டியதாகச் சமகாலத்தவர் எழுதி வைத்திருக்கிறார். பிறகு 1670-களில் லண்டனில் சக்கரம் வெட்டும் மிஷின் புழக்கத்துக்கு வந்ததற்கு ராபர்ட் ஹூக்கின் பெயரைச் சொல்வார்கள்.

அந்த மிஷின்களின் உயிர் ஒரு பித்தளைத் தட்டு. அதில் வட்டத்துக்குள் வட்டமாகத் துளைகள், ஒரு வட்டத்தில் 60, இன்னொன்றில் 72, இன்னொன்றில் 96 என்று. தட்டும் வெட்ட வேண்டிய சக்கரமும் ஒரே தண்டில் இருக்கும். வில்லில் பூட்டிய ஊசி முனை ஒன்று ஒரு துளையில் விழுந்து தட்டை நிறுத்தும், கட்டரை இறக்கி ஒரு இடுக்கு வெட்டு, ஊசியை எடு, அடுத்த துளைக்குத் தள்ளு, மறுபடி வெட்டு. இதில் பெரிய அறிவு என்னவென்றால் தட்டு பெரிது, சக்கரம் சிறிது. தட்டில் இருக்கும் பிழை சக்கரத்துக்கு வரும்போது அந்த விகிதத்தில் சுருங்கிவிடும். ஒருமுறை கஷ்டப்பட்டு ஒரு பெரிய தட்டைச் சரியாகப் பிரித்துவிட்டால், அது தன்னைவிடச் சரியான சக்கரங்களை ஆயுசுக்கும் பெற்றுப்போட்டுக்கொண்டே இருக்கும். இது தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, உண்மையாகச் சொல்கிறேன்.

அந்த முதல் தட்டை எப்படிப் பிரிப்பது? நான் செய்தது இது. அட்டைப்பெட்டி மூட்டைகளைக் கட்டும் இரும்புப் பட்டை இருக்கிறதே, அதில் நல்ல நேரான துண்டு ஒன்று லீ பஜாரில் வாங்கினேன். ஒரு கனத்த இரும்புத் துண்டில் 10 மி.மீ. தள்ளி இரண்டு துளை. பட்டையில் முதல் துளை போட்டு, அதை இரும்புத் துண்டின் ஒரு துளையோடு ஆணியால் பூட்டி, மற்ற துளை வழியாக டிரில்லை இறக்கினால் அடுத்த துளை. ஆணியை அதில் மாற்று, அடுத்தது. இப்படி 97. அந்த 10 மி.மீ. உண்மையில் 10.03 ஆக இருந்தாலும் கவலையே இல்லை, எல்லாமே 10.03 ஆக இருந்தால் போதும். பிறகு 97-ஆவது துளையை முதல் துளையின் மேல் வைத்து ஆணி அடித்தால் 96 துளையுள்ள வளையம் கிடைத்துவிட்டது. வட்டத்தைப் பிரிக்க வேண்டியதில்லை, பிரித்த கோட்டை வட்டமாக வளைத்தால் போதும்!

வளையம் உட்கார ஒரு தட்டு வேண்டும். சுற்றளவு 960 மி.மீ., விட்டம் 305-க்குக் கொஞ்சம் மேல். 18 மி.மீ. பிளைவுட்டில் வட்டம் அறுத்து, டிவைடிங் ஹெட் காட்டிய அதே அண்ணன் பட்டறை லேத்தில் பூட்டி, மயிரிழை மயிரிழையாகக் கடைந்து வளையத்தைப் போட்டுப் பார்த்துப் போட்டுப் பார்த்து, கடைசியில் மரச்சுத்தியால் தட்டினால்தான் ஏறும் என்ற பதத்தில் நிறுத்தினோம். மரம் மழைக்காலத்தில் ஊதாமல் இருக்க இரண்டு கை வார்னிஷ். என் சக்கரத்தின் பல் வட்டம் 72 மி.மீ., தட்டு அதைப்போல நாலு மடங்குக்கு மேல். ஏதாவது ஒரு துளை பத்தில் ஒரு மி.மீ. தள்ளிப்போயிருந்தாலும் சக்கரத்தில் அது 0.024 மி.மீ.தான். ஒட்டுப்போட்டு அரத்தால் ராவிய அந்தப் பழைய பல்லோடு ஒப்பிட்டால் இது எங்கேயோ இருக்கிறது.

மீதி மிஷின் சாதாரணம். இரண்டு பேரிங்கில் ஒரு தண்டு, ஒரு முனையில் தட்டு, மறுமுனையில் பித்தளை வட்டம். எதிரே பழைய லேத் ஒன்றின் கிராஸ் ஸ்லைடு, அதன் மேல் கட்டர் சுழலும் சின்னத் தண்டு, ஓட்டுவதற்குத் தையல் மிஷின் மோட்டார். கட்டர் ஒற்றைப் பல் கொண்டது, அது மட்டும் நாலு நாள் வேலை. எஃகுக் கம்பியின் முனையைப் பழைய சக்கரத்தில் தேயாமல் இருந்த ஒரு பல்லிடுக்கின் வடிவத்துக்குக் கல்லில் தீட்டி, லென்ஸில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இடுக்கில் ஒளி கசிகிறதா பார்த்து, மறுபடி தீட்டி, நெருப்பில் காட்டித் தோய்த்து, மஞ்சள் நிறம் வரும் வரை மறுபடி சூடாக்கி எடுத்தேன். ஒரே ஒரு பல்தான் வெட்டுகிறது என்பதால் வேகமாகச் சுழல வேண்டும், கை மெதுவாக நகர வேண்டும்.

பித்தளை மூன்று மி.மீ. உருட்டிய தகடு. வார்ப்புப் பித்தளையை நம்பவே கூடாது, உள்ளே பொத்தல் இருக்கும், மெத்தென்றும் இருக்கும். அந்தக் காலத்தில் வார்த்த பித்தளையைச் சுத்தியால் அடித்து அடித்து இறுக்கிய பிறகுதான் பல் வெட்டினார்கள். வட்டத்தின் விட்டம் பல் எண்ணிக்கையோடு 2.76 கூட்டி மாட்யூலால் பெருக்கியது, 74.07 மி.மீ. வந்தது. பழைய சக்கரத்தில் தேய்மானம் போக 73.9 அளந்திருந்தேன், மனதுக்குத் தெம்பாக இருந்தது.

முதல் சக்கரம் வீணானது. நாற்பதாவது பல் தாண்டிய பிறகு கீழே யாரோ கூப்பிட எழுந்து போய் வந்தேன், ஊசியைத் தள்ளினேனா இல்லையா என்று குழம்பி இரண்டு தரம் தள்ளிவிட்டேன். அதன் பிறகு பன்னிரண்டு துளைக்கு ஒன்று சிவப்புப் பெயிண்ட் வைத்தேன், முதலில் ஒரு சுற்று முழுக்கப் பித்தளையில் கீறல் மட்டும் போட்டு, கடைசிக் கீறல் முதல் கீறலில் விழுகிறதா என்று பார்த்தேன், அப்புறம்தான் ஆழமாக இறக்கினேன். ஒவ்வொரு முறையும் தட்டை ஒரே பக்கமாகத் தள்ளி ஊசியில் அழுத்தி வைத்துப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் துளையில் இருக்கும் தொளதொளப்பு பல்லுக்குப் போய்விடும். சக்கரத்தின் பின்னால் இன்னொரு பித்தளைத் தகடு ஒட்டக் கொடுத்தால் பிசிறு அதில்தான் வரும். பல்லுக்கு இரண்டு நிமிடம், நடுவில் ஒரு மணி நேரம் கரண்ட் போனது, அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்து தொடர்ந்தேன். ஊசி துளையில் இருக்கிற வரைக்கும் எதுவும் மறக்காது அந்த மிஷின்.

தொழிற்சாலைகள் இந்தத் துளைத் தட்டையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டன. ஜெர்மனியில் ஹெர்மான் ஃபாவ்டர் 1897-ல் கொண்டுவந்த ஹாபிங் மிஷினில் கட்டர் ஒரு திருகாணி வடிவம், அதுவும் சக்கரமும் சேர்ந்தே சுழலும், நிறுத்தி நிறுத்தி வெட்டும் வேலை இல்லை. 1961-ல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு ஆரம்பித்த எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை மாதிரியான இடங்களில் லட்சக்கணக்கில் கைக்கடிகாரம் வந்தது இப்படி நிற்காமல் ஓடுகிற மிஷின்களால்தான். ஒரே மாதிரி லட்சம் வேண்டுமானால் அதுதான் வழி. ஒரே ஒரு சக்கரம், அதுவும் இருநூறு வருடத்துக்கு முந்தைய பினியனோடு சேர வேண்டும் என்றால் துளைத் தட்டும் ஒற்றைப் பல் கட்டரும் இன்றைக்கும் போதும்.

சக்கரத்தை உருளையில் பூட்டி, வீட்டுச் சுவரில் கட்டை அடித்து மாட்டி மூன்று வாரம் ஓட்டினேன். பன்னிரண்டாவது மணி நேரம் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் போய் நின்றேன், நிற்கவில்லை. நாளுக்கு ஒரு நொடிக்குள் கொண்டுவந்தேன். ஏற்காட்டில் கொண்டுபோய் வைத்ததும் நாளுக்கு எட்டு நொடி பின்தங்கியது. இதை எதிர்பார்த்திருந்தேன். சேலத்தைவிட ஏற்காடு 1,200 மீட்டருக்கு மேல் உயரம், பூமியின் இழுப்பு அங்கே துளி குறைவு, அதனால் மட்டும் பத்துப் பதினைந்து நொடி பின்தங்க வேண்டும். ஆனால் குளிரில் ஊசலின் எஃகுத் தண்டு சுருங்கி, பத்து டிகிரிக்கு ஐந்து நொடி வாக்கில் முன்னே தள்ளும். ஒன்று இழுக்க ஒன்று தள்ள எட்டில் நின்றிருக்கிறது. ஒரு வீச்சுக்கு ஒரு நொடி எடுக்கும் இந்த ஊசலின் நீளம் ஏறக்குறைய 99 செ.மீ., எட்டு நொடிக்குக் குண்டை 0.18 மி.மீ. உயர்த்த வேண்டும், கீழே இருக்கும் நட்டில் ஏறக்குறைய கால் சுற்று. பெரியவரையே திருகச் சொன்னேன்.

குளிர் அதைத் தொடத்தான் செய்கிறது என்று அவரிடம் சொன்னேன், நிறுத்துவது மட்டும் அது இல்லை என்றேன். "நான் சொன்னேனுங்களா" என்றார்.

96 துளைத் தட்டு இப்போது முன்னறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதிலேயே 48, 32, 24 பல்லும் வெட்டலாம். அடுத்து இன்னொரு பட்டையில் 61 துளை போட்டுக்கொண்டிருக்கிறேன், 60-க்கு. சேலம் பக்கம் யாரிடமாவது நடுச்சக்கரமோ, ஊசலின் வீச்சுக்கு ஏற்ப விட்டுவிட்டு நகரும் 30 பல் எஸ்கேப் சக்கரமோ உடைந்த கடிகாரம் இருந்தால், உடைந்த சக்கரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேயாத ஒரே ஒரு பல்லிடுக்கு அதில் மிச்சம் இருந்தால் போதும், கட்டரை அதைப் பார்த்துத்தான் தீட்ட வேண்டும்.